பால்டிக் கடலில் இரண்டு மணி நேரம்

9.10.2006, திங்கள்

இன்று என்னால் ஒருவருக்கு வேலை போயிற்று.

பால்டிக் கடலுக்குள் நுழையும் முன் கப்பல்கள் கந்தகம் குறைந்த எரிபொருள் எண்ணெய்க்கு மாறிவிட வேண்டும். புகை மாசைக் குறைக்க இந்த ஆண்டு வந்த சட்டம். மாறிய நேரத்தைச் சரிபார்ப்பது சிங்கப்பெருமாள் கோயில் ஊரில் இருக்கும் எங்கள் அலுவலகத்து சாஃப்ட்வேர். காலையில் ஒரு கப்பலைச் சிவப்பில் காட்டியது. இரண்டு மணி நேரம் தாமதமாக மாறிவிட்டு, முன்பே மாறியதாக எழுதியிருந்தார்கள்.

கப்பலிலிருந்து இன்ஜினியர் செல்வம் பேசினார். சதுரங்கப்பட்டினத்துக்காரர். "வால்வு இறுகிக்கினு தொறக்கவே இல்ல மேடம். பயந்துபோயி நேரத்த மாத்தி எழுதிட்டேன். இந்த ஒரு தபா வுட்டுடுங்க."

நான் விடவில்லை. அறிக்கையை மேலே அனுப்பினேன். மாலைக்குள், அடுத்த துறைமுகத்திலேயே அவரை இறக்கிவிடச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது.

மறுபடியும் பேசினார். குரலில் கோபமே இல்லை. "வூட்டுக்கு நீங்களே ஒரு போன் போட்டு சொல்லிடுங்க மேடம். எனக்கு வாய் வரல."

போட்டேன். அவர் மனைவி எடுத்தார். செல்வம் அடுத்த வாரம் வந்துவிடுவார் என்றேன்.

"அப்போ தீபாவளிக்கு இங்கதான் இருப்பாரா?" என்று சிரித்தார். பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொன்னார். ஏன் வருகிறார் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு சாப்பிட்டேன். குழம்பில் உப்பு இருந்ததா என்றுகூடத் தெரியவில்லை.