மயிலே இருந்த இடத்தில் வீடே

செவ்வாய். மத்தியானம் மழை.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கைப்பேசியில பேசினா அதுவே எழுதிக்கிடும்னு மருமக கலா காட்டிக் குடுத்தா. இன்னிக்கு மனுசங்ககிட்ட பேசப் பிடிக்கல. அதான் இதுகிட்ட.

மகன் குமரனோட கவிதைப் புத்தகம் பெட்டி பெட்டியா வந்திருக்கு. ஞாயித்துக்கிழமை ஈப்போ மண்டபத்துல வெளியீடு. முதல் பிரதி நான் வாங்கணுமாம். புதுச் சட்டை எடுத்தாச்சு.

கலா ஒரு கவிதைய வாசிச்சா. தோட்டத்த வித்து, குடியிருந்த லயத்து வரிசை வீட்ட இடிச்சு, எங்கள வெளிய அனுப்புன கதை. நல்லாத்தான் போச்சு. நடுவுல ரெண்டு வரி:

மங்கு நிறைஞ்ச பாலுக்கு லாரி வந்து நிக்குதே
வீடே உன்னைத் தூக்கிப்போக மாட்டுவண்டி இல்லையே

கோப்பி ஆறிப்போச்சு. குடிக்கல.

அது இவன் கவிதை இல்ல. என் பொண்டாட்டி பாடுன ஒப்பாரி. பீடோர் பக்கம் ரப்பர் தோட்டத்துல மங்கு வெச்சு மரத்துப் பால் எடுத்துக்கிட்டு இருந்தப்ப, எங்க மூத்த மக செத்த அன்னிக்கு. அதுல 'வீடே' இல்ல. 'மயிலே'.

புதன். வெயில். முட்டி வலி.

குமரன் பள்ளிக்கூடத்துலேருந்து வந்ததும் கேட்டேன்.

"யார்ரா செத்தா? வீடா செத்துச்சு?"

"அது உருவகம்பா. வீட்ட இழக்கறதும் ஒரு சாவுதானே."

"லயம் போச்சு, ஃபிளாட்டு வந்துச்சு. கூரை ஒழுகல, கக்கூஸ் உள்ளேயே இருக்கு. சாவுன்னா பதிலுக்கு ஒண்ணும் வராது."

பையக் கழட்டி வெச்சிட்டு உள்ள போயிட்டான். வாத்தியார். பேசியே சம்பளம் வாங்குறவன்.

ஒப்பாரி சாவு வீட்டுல பாடறது. மத்த நாள்ல வாயில எடுக்க மாட்டாங்க. இவன் முந்நூறு புத்தகமா அடிச்சு வெச்சிருக்கான். ஞாயித்துக்கிழமை வரமாட்டேன்னுட்டேன்.

வியாழன். மூட்டம்.

வாங்கினது: முட்டிக்குத் தைலம், ரொட்டி. வெத்தல மறந்தேன்.

கோப்பிக் கடையில சாமிநாதன். ஒரே தோட்டத்து ஆளு.

"அண்ணே, மவன் நம்ம தோட்டத்தப் பத்தி எழுதிருக்காராம்லா?"

"நம்ம தோட்டமா? மம்மட்டி கூட கம்பெனிது."

"கொசு நம்மதுலா, அண்ணே."

கடையே சிரிச்சுது. எனக்கு வரல.

அன்னிக்கு மூத்த மகளுக்குக் காய்ச்சல் மூணாவது நாள். தோட்டத்து டிரசர் மாத்திரை குடுத்துப் பாத்துட்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன்னாரு. பிள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு லாரிகிட்ட ஓடினேன். ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணி நின்னான். "முதல்ல பால் ஃபேக்டரிக்குப் போவட்டும். திரும்பி வந்து ஏத்திக்கலாம்."

நான் சரிங்கய்யான்னேன்.

லாரி திரும்பி வந்துச்சு. தேவைப்படல.

சரிங்கய்யான்னு சொன்ன வாயி இதுதான்.

சனி. மழை இல்ல, புழுக்கம்.

வீட்டுக்காரிகிட்ட கேட்டேன், இவனுக்கு அந்தப் பாட்டு எப்படித் தெரியும்னு.

"நான்தான் பாடிக் காட்டுனேன்."

"எப்ப?"

"அவன் சின்னதுலேருந்து. நீங்க வேலைக்குப் போனப்புறம்."

"சாவுப் பாட்ட வீட்டுல பாடுவியா நீ?"

"வேற எங்க போயி பாடறது? பொதச்ச எடத்துல செம்பனை மரம் நட்டுட்டாங்க. வீட்டுல அவ பேர எடுக்கக்கூடாதுன்னு நீங்க சொல்லிட்டீங்க. நாப்பத்தாறு வருசம்."

கத்தினேன். அவ கீரைய ஆஞ்சுக்கிட்டே இருந்தா.

"அக்கா ஒருத்தி இருந்தான்னு அவனுக்குத் தெரியும். பேரு தெரியாது. நான் சொன்னதில்ல, நீங்களும் சொன்னதில்ல. பேரு தெரியாத பிள்ளைய எப்படிங்க எழுதுவான்? தெரிஞ்சத எழுதிட்டான்."

இதுவரைக்கும் கிராணி மேல கோவம், அப்புறம் மவன் மேல. இப்ப யார் மேலன்னு தெரிஞ்சுபோச்சு.

ஞாயிறு. காலையில தூறல்.

போனேன். பழைய சட்டை. கூட்டம் ஆரம்பிக்கல. மேசையில புத்தகத்த அடுக்கிட்டிருந்தான் குமரன். என்னப் பாத்ததும் எழுந்து நின்னான்.

"அந்தக் கவிதைய இன்னிக்கு வாசிக்கலப்பா. விட்டுடறேன்."

"வாசி. மயிலேன்னு வாசி."

சரின்னான். அப்புறம் மெதுவா, "அக்கா பேரு என்னப்பா?"

கூட வந்த வீட்டுக்காரி முகத்தப் பாத்தேன். அவ ஃபேனப் பாத்தா. "நீங்கதானே வேணாம்னீங்க. நீங்களே சொல்லுங்க."

வசந்தா. நாலு வயசு.

சொன்னேன்.

"அந்தப் பக்கத்துல எழுதுடா. ஒவ்வொரு புத்தகத்துலயும்."

"முந்நூறு இருக்குப்பா. எல்லாரும் வந்து உக்காந்துட்டாங்க."

"என் பிள்ள லாரிக்குக் காத்துக் கெடந்துச்சு. இவங்க காத்திருக்கட்டும்."

எழுத ஆரம்பிச்சான். கலா பக்கத்தப் பிரிச்சுக் குடுத்தா, நான் வாங்கி அடுக்கினேன். எனக்கு அந்த எழுத்து படிக்கத் தெரியாது. பத்துப் பதினஞ்சு பாத்ததும் பழகிடுச்சு. மை காயறதுக்குள்ள மூடாதடான்னேன்.