அவருடைய எட்டாயிரம் அடி

10 நவம்பர் 2024, ஞாயிறு
அறுப்புப் பண்டிகை. ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பொருள்களுக்கு ஏலம். இந்த வருஷமும் ஆசிர் வீட்டு பிளம் கேக்கை என் வீட்டுக்காரர்தான் கேட்டு எடுத்தார். சபை முழுக்கக் கைதட்டல். அசரியா ஐயா என்றால் சும்மாவா, பாகாலா ஸ்டேஷனில் முப்பது வருஷம் ரயிலுக்குக் கொடி காட்டினவர் ஆயிற்றே. வீட்டுக்கு வந்ததும் என் கையில் கொடுத்து, "எனக்கு வாணாம், சக்கர விஷம்" என்றார். ரெண்டு கிலோ. கர்த்தருக்குப் படைத்ததை எங்கே கொட்டுவது? வீணாக்கினால் பாவம்.

14 நவம்பர்
கேக் தீர்ந்தது. துன்னது நான் ஒருத்தி.

2 டிசம்பர்
ஐந்தரைக்கு நடக்கப் போகிறார். திரும்பி வந்து, எத்தனை அடி நடந்தார் என்று சபைக் காலண்டரில் அன்றைய கட்டத்தில் எழுதுகிறார். 8,012. நேற்று 8,140. ஏழு மணிக்குக் கேழ்வரகுக் கூழ், மத்தியானம் கீரையும் ஒரே கரண்டி சோறும். பானையில் மிச்சம் இருக்கிற சோறு ராத்திரி எனக்கு.

நானும் நடக்க வரட்டுமா என்று இன்று கேட்டேன். "நீ வந்துட்டா கூழு யாரு காச்சறது?" என்றார். சரிதானே. யார் காய்ச்சுவது?

19 ஜனவரி 2025, ஞாயிறு
இவருக்கு எழுபத்திரண்டு. பிறந்தநாள் காணிக்கை போட்டுவிட்டு முன்னால் நின்று சாட்சி சொன்னார். இதுவரை ஒரு மாத்திரை இல்லையாம், ஊசி இல்லையாம். "கர்த்தர் குடுத்த பெலன், என்னோட ஒழுக்கம், இந்த ரெண்டுந்தான் காரணம்." நாற்பத்திரண்டு வருஷமாக அடுப்படியில் நின்றவள் மூன்றாவது பெஞ்சில் இருந்தேன். இந்தப் பக்கம் தலைகூடத் திரும்பவில்லை.

பிறகு சபை மண்டபத்தில் முதியோருக்கு மருத்துவ முகாம். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காரச் சொன்னார்கள். நர்ஸ் நந்திதா எண்ணினாள். அரை நிமிஷத்தில் இவர் பதினாலு தடவை. நான் — ஒன்றுகூட இல்லை. சர்க்கரை 318. "இப்டி ஆரோக்கியமான மனுஷர வீட்ல வெச்சிக்கினு நீங்க ஏம்மா இப்டி?" என்றாள் அந்தப் பெண். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். "நானும் சொல்லிக்கினேதான் கீறேன். கண்டதத் துன்றா."

கண்டதா! இவர் வேண்டாமென்று தள்ளினதுதானே அந்தக் கண்டதெல்லாம்? என் வயிறு என்ன குப்பைத் தொட்டியா? இதை நேரில் கேட்க எனக்கு வாய் வரவில்லையே, அதுதான் எரிகிறது.

30 ஜனவரி
மாத்திரை போடுகிறேன். ராத்திரி மிச்சச் சோறும் தின்கிறேன். புத்தி வரவில்லை.

11 பிப்ரவரி
பத்து நாளைக்கு முன் கூழ் கொதித்துக் கால் சுண்டுவிரலில் தெறித்தது. வலிக்கவில்லை, விட்டுவிட்டேன். இன்று விரல் கறுத்து நாறுகிறது. திருப்பதிக்கு வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தாயிற்று. டாக்டர் ஊசியால் குத்தி, "நொப்பி லேதாம்மா?" என்று கேட்டார். வலி இல்லை. அதுதான் ஆபத்தாம். விரலோடு நின்றால் அதிர்ஷ்டம், மேலே ஏறினால் காலையே எடுக்க வேண்டுமாம்.

கர்த்தாவே, சாவுக்கு நான் பயப்படவில்லை. அடுத்தவர் தோளைப் பிடித்துக்கொண்டு கக்கூசுக்குப் போகிற பத்து வருஷம் — அது மட்டும் வேண்டாம். என் காலை எனக்கு விடு.

14 பிப்ரவரி
விரல் போயிற்று. கால் தப்பியது.

கண் விழித்தபோது வராந்தாவில் இவர் போகிறார், வருகிறார், போகிறார். என்னை நினைத்துக் கவலையில் நடக்கிறார் என்று மனசு கரைந்துபோனது. மகள் கேசியா, இங்கே திருப்பதியில்தான் வேலை, எழுந்துபோய்க் கேட்டாள். "நைனா, இன்னா பண்ணிக்கினு கீற?"

"இன்னும் ரெண்டாயிரம் அடி கீதும்மா."

அவள் போட்ட சத்தம் மூன்று வார்டுக்குக் கேட்டிருக்கும். "உன் ஒடம்ப ஆக்கிப் போட்டது அம்மா! அவ காலத் துன்னுட்டுத்தான் நைனா நீ நடந்துக்கினு கீற!"

இவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அவளை அடக்கியிருக்க வேண்டும். ஆனால் இன்னும் கொஞ்சம் கத்தட்டும் என்றுதான் இருந்தது எனக்கு.

20 ஏப்ரல், ஈஸ்டர்
ஆசிர் வீட்டிலிருந்து கேக் வந்தது. இவர் கை தன்பாட்டுக்குத் தட்டை என் பக்கம் தள்ளியது. எழுந்துபோய்க் குப்பையில் கொட்டினேன். "வீணாக்கறியே கிருபா, பாவம்" என்றார். இருக்கட்டும். அந்தப் பாவம் என் கணக்கில் இருக்கட்டும்.

21 ஏப்ரல், திங்கள்
ஐந்தரைக்கு டாக்டர் சொன்ன மெத்துச் செருப்பைப் போட்டுக்கொண்டு கேட்டைத் திறந்தேன்.

"கூழு?" என்றார்.

"மாவு மேல் தட்டுல கீது."

"அப்ப நான் நடக்கப் போவாணாமா?"

"உள்ளயே நடங்க. அடுப்புக்கும் பாத்திரம் தேய்க்கிற தொட்டிக்கும். நாப்பத்திரெண்டு வருஷமா நான் அங்கதான் நடந்தேன்."

தெருமுனை வருவதற்குள், "கிருபா, கட்டி கட்டியா ஆவுதே!" என்று குரல் கேட்டது. நான் திரும்பவில்லை. இடுப்பு விட்டுப்போகிற மாதிரி வலி. மாதா கோயில் சுவர் வரைக்கும் போய்த்தான் திரும்பினேன்.

காலண்டரில் எழுதினேன்: 610. இன்றைய கட்டத்தில் அது ஒன்றுதான் இருக்கிறது.