பூங்கனி போன மலிவு தேசம்

2025 மார்ச் 9, ஞாயிறு

ஆராதனை முடிந்து செருப்பைத் தேடுவதற்குள் ரெஜிலா டீச்சர் பிடித்துக்கொண்டாள். "அண்ணாச்சி, பூங்கனிக்கா எப்ப வாறா?"

"ஆஸ்திரேலியாக்காரன் விடமாட்டேங்கான் டீச்சர். இவ வந்தா நாடு நின்னு போவுமாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து முந்தாநாள் மீன்கறியைச் சூடாக்கித் தின்றேன். சட்டியையும் நானே கழுவினேன்.

என் பெண்டாட்டி பூங்கனி மூன்று மாதம் என்று சொல்லித்தான் ஆகஸ்டில் போனாள். மகள் ஷைஜாவுக்கு மெல்பர்னில் இரண்டாவது பேறுகாலம். பிறந்தவன் ஷிஜினுக்கு இப்போது ஆறு மாதம். பூங்கனிக்கு ஒரு வருஷத்துக்கு விசா கொடுத்துவிட்டார்களாம். கொடுத்ததை வீணாக்கக் கூடாதாம்.

நம்ம பக்கம் பேறுகாலத்துக்கு அம்மையைத்தான் கூப்பிடுவார்கள். அப்பனை எந்த நாட்டுக்காரனும் கூப்பிட்டதில்லை. அப்பன் கோழிக்குத் தீனி போட வேண்டும், மோட்டார் போட வேண்டும், ராத்திரி வெளி லைட்டை எரியவிட்டு வீட்டில் ஆள் உண்டு என்று திருடனுக்குச் சொல்ல வேண்டும்.

கேலி செய்ய எதிரே ஆளில்லை. அதனால்தான் இந்த எழுத்து. எட்டாங்கிளாஸ் கையெழுத்து. சில இடம் எனக்கே புரியாது.

மார்ச் 14

பூங்கனி கூப்பிட்டாள். "பிரஷர் மாத்திர தின்னியளா? கோழி முட்ட போடுதா?" முட்டையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். வைத்துவிட்டாள்.

மார்ச் 23, ஞாயிறு

மருமகன் ஜெப்சன் வீடியோவில் வந்தான். மூன்று நாள் பட்டினி கிடந்தவன் முகம். அங்கே வாடகையை வாரக்கணக்கில் வாங்குகிறார்களாம். இத்தனை நாளும் அது மாச வாடகை என்று நினைத்து, அதற்கே அவனுக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். ஷைஜா நர்சு. பெரியவள் அஜிஷாவையும் சின்னவனையும் பகலில் பார்த்துக்கொள்ளும் இடத்தில் விட்டால் அவள் சம்பளம் முழுதும் அதற்கே போய்விடும். பூங்கனி பார்த்தால் சும்மா. விசாவை வீணாக்கக் கூடாது என்பதன் அர்த்தம் இதுதான்.

"மாமா, ஒரு லிஸ்ட் போட்டிருக்கேன். செலவு கொறஞ்ச நாடுகளாக்கும். எனக்க கம்ப்யூட்டர் வேலைக்கு இன்டர்நெட்டு இருந்தா போரும். ஜார்ஜியா, அல்பேனியா, போர்ச்சுகல், வியட்நாம்."

"நம்ம குலசேகரம் அதுல எத்தனாவது மாப்ள?"

"மாமா, நம்ம ஊருல வெல கொறவு. செலவு கூடுதல்."

யோசித்தால் அது சரிதான். அவனே விளக்கினான். "கல்யாணத்துக்கு மத்தவன் ஐநூறு மொய் வச்சா போரும். வெளிநாட்டுக்காரன் வச்சா ஊரே சிரிக்கும். எங்க அண்ணன் ரெண்டு மாடி கெட்டியிருக்கான். நான் ஒத்த மாடி கெட்டினா எங்கம்மை சபைக்குப் போவாளா? போன அறுப்பின் பண்டிகையில சபைக் காணிக்கைய போன்ல ஏலம் கேட்டேன். ஒரு பூசணிக்கா எனக்க தலையில ஏழாயிரத்துக்கு விழுந்து."

அந்தப் பூசணிக்காயை எதிரே நின்று ஏழாயிரம்வரை ஏற்றிவிட்டது நான்தான். அவன் சொல்லும்போது முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டேன்.

மார்ச் 25

முகம்மது ஹனீபாவின் செருப்புக்கடையில் போய் உட்கார்ந்தேன். இருபத்தாறு வருஷம் சவூதியில் தம்மாமில் இருந்த மனுஷன்.

"ஓய், நீரு இருந்த நாடு மலிவா?"

"ஒரு ரூமுல எட்டுப்பேரு. ஒரு கோழிய ரெண்டு நாளு திம்போம். அதவிட மலிவு கபருக்குழிதான்."

"பின்ன எதுக்கு அங்க கெடந்தீரு?"

"லீவுல வந்து ரெண்டு மாசம் ஊருல செலவழிக்கதுக்கு." சாயாவை ஆற்றிக்கொண்டே கேட்டார். "அவங்க எங்க போனா உமக்கென்ன?"

"பூங்கனியையும் கூட்டிட்டுப் போயிருவானுவ ஓய்."

அவர் சிரிக்கவில்லை. சாயாக் காசையும் அவரே கொடுத்தார். ஹனீபா காசு கொடுத்தால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

இரண்டு வாரமாகப் போனில் பேசிப் பேசி ஜெப்சனுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு வெட்டு.

ஜார்ஜியா: பனி. உங்க மாமிக்கு முட்டு பிடிக்கும், பிறகு அவளைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும்.

அல்பேனியா: நம்ம ஊருக்கே கப்பலேறி மிஷனரி வந்தான். அவனே அங்கே போனதாகக் கேள்விப்படவில்லை. நாம் எதற்குப் போகவேண்டும்?

போர்ச்சுகல்: அவன் மிளகு தேடி இங்கே வந்தவன். ஊரில் சாப்பாடு ருசியாக இருந்தால் வருவானா?

வியட்நாமுக்குத்தான் ஒன்றும் அகப்படவில்லை. கடல், தென்னை, அரிசி, மீன், ரப்பர். நம்ம ஜில்லாவை யாரோ தூக்கிக்கொண்டு போய் அங்கே வைத்ததுபோல இருக்கிறது. ரப்பர் ஷீட்டு வியாபாரத்தில் நாற்பது வருஷம் இருந்தவன் நான். "நம்ம ரப்பருக்கு வெல எறக்கினது அவனாக்கும், அவனுக்க மண்ணுல கால் வைக்காதிய" என்றேன். ஜெப்சன் கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினான். அதை எப்படி எடுத்துக்கொள்வது?

ஏப்ரல் 20, ஈஸ்டர்

வியட்நாம். கடலோரத்தில் டா நாங் என்று ஒரு ஊர். ஜூலையில் போகிறார்கள்.

"மாமா, மத்த மூணுக்கும் உள்ள கொறைய நீங்க கரெக்டா சொன்னிய. லிஸ்ட்ட சுருக்கித் தந்ததே நீங்களாக்கும்."

பூங்கனி போனை வாங்கினாள். விசா முடிந்து ஊருக்கு வரவேண்டியவள். "நானும் கூட போறேன் கேட்டியளா. பிள்ளைய புது எடத்துல பழக்கணும். கொஞ்ச நாளு."

"கொஞ்ச நாளுன்னா?"

"மூணு மாசம்."

அவள் காலண்டரில் வேறு கணக்கே கிடையாது.

ஏப்ரல் 21

எதுக்கு வாயத் தொறந்தேன்? சும்மா கெடந்திருந்தா அவனே பனியப் பாத்து, டிக்கெட்டப் பாத்து, பேசாம இருந்திருப்பான். நாலுல மூணுக்கு நானே வெட்டு போட்டேனே — அறிவிருக்கா எனக்கு? எழுவத்திமூணு வயசுல கோழிகூட பேசிட்டுக் கெடக்கணும்னு எனக்கென்ன நேர்ச்சையா? அவளாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். 'அவரு அங்க ஒத்தைக்குக் கெடக்காரே'ன்னு. சொல்லல்லியே.

கோழியும் இன்று முட்டை போடவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

ஷைஜா கூப்பிட்டாள். "அப்பா, நீங்களும் பாஸ்போர்ட் எடுத்துட்டு வியட்நாமுக்கு வாங்க. டிக்கெட்டு அவிய எடுப்பாவ."

"எதுக்குட்டி? வீட்ட யாரு பாப்பா? கோழிய?"

"எனக்கென்ன தெரியும்? அம்மைதான் உங்கள வரச் சொன்னா."

அம்மைதான் சொன்னாள். போனை வைத்தபிறகும் அதை இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். பத்து மாசம் வீராப்பாக இருந்தாள். கடைசியில் நான் இல்லாமல் முடியவில்லை பார்த்தாயா?

இருட்டுவதற்குள் குலசேகரம் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஹனீபா மட்டும், "உமக்க தொல்ல தாங்காம ஊருக்காரங்க காசு பிரிச்சு நாடு கடத்துதாவளோன்னு நெனச்சேன்" என்றார். பொறாமை.

ஜூலை 18

பாஸ்போர்ட்டுக்கு விசாரிக்க போலீஸ்காரர் வந்தார். சின்ன வயசு.

"எதுக்குப் போறிய தாத்தா?"

"பெண்டாட்டியப் பாக்க."

"அவங்க அங்கயே செட்டில் ஆயிட்டாங்களா?"

"அததான் சார் பாக்கப் போறேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். போன புதன்கிழமைதான் பூங்கனி வியட்நாமில் இறங்கினாள்.

செப்டம்பர் 28, ஞாயிறு

கோழிகள் ரெஜிலா டீச்சர் வீட்டில். சாவி ஹனீபாவிடம். நான் டா நாங்கில்.

கொச்சியில் ஏறி நடுவில் ஒரு இடத்தில் மாறி வந்தேன். ஏர்போர்ட் வாசலில் பூங்கனி நின்றாள். மெலிந்திருக்கிறாள். பதின்மூன்று மாதம் கழித்துப் பார்த்து முதலில் கேட்டது, "மாத்திர கொண்டுவந்தியளா?"

"கொண்டுவரல்ல. உன்னப் பாத்தா பிரஷர் தானா ஏறும், எறங்கும்."

டாக்சியில் வைத்துச் சிரித்தாள். வாயைச் சேலைத்தலைப்பால் பொத்திக்கொண்டு, அதே மாதிரி. மற்றபடி வழியில் வேறு என்ன பார்த்தேன் என்று ஞாபகமில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

இளநீர் இருபதாயிரம்! அவர்கள் காசு அப்படி. ஹனீபாவைக் கூப்பிட்டு, "இப்பத்தான் இருவதாயிரத்துக்கு ஒரு எளநி குடிச்சேன் ஓய்" என்றேன். நம்ம காசில் எழுபது ரூபாய்கூட வராது என்பதைச் சொல்லவில்லை. ஆள் ராத்திரி உறங்கியிருக்க மாட்டார்.

சாயங்காலம் நானும் பூங்கனியும் கடற்கரையில் நடந்தோம். கல்யாணம் ஆகி நாற்பத்தாறு வருஷத்தில் அவளோடு கடற்கரையில் நடந்தது மொத்தம் இரண்டு தடவை இருக்கும். அதிலும் ஒன்று தாய்மாமன் சாவுக்குப் போன வழியில். கீழ்வீட்டுக்காரி எங்களைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தாள். அவள் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவளுக்குத் தெரியாது. அதனால் நல்ல சிநேகம்.

ஜெப்சன் தெளிந்திருக்கிறான். மலிவு நாடு நல்ல நாடுதான்.

அக்டோபர் 11, சனி

பூங்கனி பெட்டி அடுக்கினாள். இங்கே விசா தொண்ணூறு நாள்தான். அவளுக்கு நாளை மறுநாளோடு முடிகிறது. நாளைக்கு ஊருக்கு விமானம்.

என் வேட்டி சட்டையையும் எடுத்துக் கட்டிலில் வைத்தேன்.

"அது எதுக்கு?" என்றாள்.

"நானும்தானே வாறேன்?"

"உங்களுக்கு டிசம்பர் வர விசா இருக்குல்லா. ஷைஜா இப்ப கம்ப்யூட்டர்ல நர்சுப் பிள்ளையளுக்கு இங்கிலீஷ் பரீச்சைக்குச் சொல்லிக் குடுக்கா. மருமவன் காலம்பறயே வேலைக்குக் கதவ அடச்சிருவாரு. பெரியவ பள்ளிக்கூடம் போயிருவா. சின்னவன யாரு பாப்பா?"

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். அவள் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இஞ்சேருங்க, ஒரு வருஷமா பிள்ளையளத் தூக்கி எனக்க நடு ஒடிஞ்சு போச்சு. ஊருக்குப் போனா அங்க ஒரு கெழட்டுப் பிள்ள இருக்கு. அதுக்கும் ஆக்கிப் போடணும், அதுக்க வாயையும் கேக்கணும். பொறவு யோசிச்சேன். கெழட்டுப் பிள்ளைய இஞ்ச வரவழச்சிட்டு நான் அங்க போனா என்ன? ஒரு ஆளு சோறு. ஒரு ஆளு தட்டு. அதவிடச் செலவு கொறஞ்ச எடம் எனக்கு எந்த லிஸ்ட்டுல இருக்கு?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பெட்டியின் ஜிப் மாட்டிக்கொண்டது, இழுத்துத் தாங்க என்றாள்.

இழுத்துக் கொடுத்தேன்.

அக்டோபர் 12

போய்விட்டாள். ஷிஜின் அழுதான். நானும்தான், ஆனால் அவன் சத்தத்தில் வெளியே தெரியவில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

மழை. நம்ம ஐப்பசி மழை இங்கேயும் பெய்கிறது, நாலு மடங்கு. துணி காயவில்லை.

என் வேலை: விடிந்ததும் பால், பிறகு கஞ்சி, பிறகு குளிப்பாட்டு, பிறகு ஓடுகிறவனைப் பிடிப்பது. நடக்கத் தெரிந்துவிட்டது அவனுக்கு. முதல் நாள் சோப்பு அவன் கண்ணில் போனது. இரண்டாம் நாள் என் கண்ணில். ஷைஜா கதவைத் திறந்து, "அப்பா, பைய. கிளாஸ் எடுக்கேன்" என்கிறாள். எழுபத்திமூன்று வருஷத்தில் இந்த வாயை யாரும் இப்படி அடைத்ததில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

மழை விட்டதால் ஷிஜினைத் தள்ளுவண்டியில் வைத்துக் கடற்கரைக்குப் போனேன். கொச்சிக்காரி ஒரு அம்மாவும் பேரப்பிள்ளையோடு வந்திருந்தாள். ஊரில் வீட்டுக்காரர் தனியாகக் கிடக்கிறாராம், ராத்திரிச் சோற்றுக்கு என்ன செய்கிறாரோ என்று விசனப்பட்டாள். "சேட்டனுடெ வீட்டில்?" என்று என் வீட்டுக்காரியைப் பற்றிக் கேட்டாள்.

"எனக்க ஆளு அங்க ராஜாத்தியாக்கும்" என்றேன்.

பூங்கனி அனுப்பிய படம் போனில் இருந்தது. சபைப் பெண்கள் எல்லாம் வேன் பிடித்துக் கன்னியாகுமரி போயிருக்கிறார்கள். வெயில் கண்ணாடி போட்டிருக்கிறாள். யாருடையது என்று கேட்டேன். ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினாள்.

நான் முகத்தைக் கோணிக் காட்டினால் ஷிஜின் கீழே விழுந்து சிரிக்கிறான். எத்தனை தடவை செய்தாலும் சிரிக்கிறான். உலகத்தில் யாரும் என் ஒரே கேலிக்கு நாற்பது தடவை சிரித்ததில்லை.

நவம்பர் 30, ஞாயிறு

என் விசா டிசம்பர் இருபத்தாறோடு முடிகிறது. ஷைஜா தயங்கித் தயங்கிக் கேட்டாள். லாவோஸ் எல்லைவரை பஸ்ஸில் போய், மறு விசாவில் திரும்பி வந்துவிடலாமாம். இன்னும் மூன்று மாதம். "உங்களுக்குக் கஷ்டம்னா வேண்டாம்பா."

"ரெம்பக் கஷ்டம்தான் மக்கா" என்றேன். "எப்ப பஸ்ஸு?"

பூங்கனிக்கு இன்னும் சொல்லவில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

பூங்கனி கூப்பிட்டாள். அரை மணிக்கூர் பேசினாள். நான் 'ம்' போட்டேன். மோட்டார் மக்கர் செய்கிறது. தேங்காய் வெட்ட ஆள் வரவில்லை. ஒரு ஆளுக்கு மீன் வாங்கப் போனால் மீன்காரி முகத்தைப் பார்க்கிறாளாம். "ஒத்த ஆளுக்கு எப்படி மீன்கறி வைக்கது? அளவே வரமாட்டேங்கு பாத்துக்கிடுங்க." ராத்திரி டி.வி.யைச் சும்மா ஓடவிட்டுக்கொண்டு படுக்கிறாளாம், சத்தத்துக்கு.

பிறகு கேட்டாள்.

"கிறிஸ்மஸ் முடிஞ்ச ஒடன வந்திருவியள்லா?"

"ஏட்டி, பைய பேசு" என்றேன் ரகசியக் குரலில். "பிள்ள இப்பத்தான் ஒறங்கினான். எந்திரிச்சிரப் போறான். வைக்கேன்."

வைத்துவிட்டேன்.

ஷிஜின் என் மடியில் உட்கார்ந்து கண்ணைக் கொட்டக் கொட்ட முழித்துக்கொண்டு என்னையே பார்த்தான்.