பையனை எழுப்பாதே

என்னவளுக்கு,

உன் அண்ணன் வீட்டில் நீயும் பையனும் பத்திரமாக இருப்பதாகக் கேள்விப்பட்டேன். நான் ஒரு சத்திரத்தில் பாத்திரம் தேய்க்கிறேன். தாடியில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

நேற்று ஒரு பாணர் வந்து என் கதையைப் பாடினார். ஆடு மேய்த்தவன் கோட்டை கோட்டையாகப் பிடித்து அரசனானதுவரை எல்லாம் உண்மை. பிறகு வடக்கு வாசலில் தனியாக நின்று போரிட்டு இறந்தேனாம். சத்திரமே அழுதது.

"என்னய்யா, கல்லு மாதிரி நிக்கிற? நம்ம ராஜா செத்த இடம்யா!" என்றார் பாணர் என்னிடம்.

"அவனுக்கு அழத் தெரியாதுங்க. பாத்திரமும் சரியாத் தேய்க்கத் தெரியாது," என்றாள் சமையல்காரி.

நான் குனிந்து அண்டாவைத் தேய்த்தேன்.

சாகும்போது நான் சொன்னதாகக் கடைசியில் ஒரு வரி வந்தது: "பையனை எழுப்பாதே, தூங்கட்டும்."

போருக்குப் புறப்பட்ட காலையில், நம் அறை வாசலில், உன்னிடம் மட்டும் சொன்னது அது. அப்படியானால் பாட்டைக் கட்டவைத்தது நீதான். வடக்கு வாசலில் நான் குதிரையைத் திருப்பி ஓடியபோது மாடத்தில் நின்று பார்த்தவளும் நீதான்.

வருகிறேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இனி நான் வரப்போவதில்லை. படித்ததும் இதை எரித்துவிடு.

பையன் தூங்கட்டும்.

இப்படிக்கு,
வடக்கு வாசலில் இறந்தவன்