மரத்த காலில் வைத்த கரண்ட்

ஸ்ரீ ரங்கநாதர் துணை

செஞ்சி
18.11.2024

தருணுக்கு அம்மா எழுதுவது. நீயும் இளவேனிலும் நல்லபடியாக இருக்க சிங்கவரத்துப் பெருமாளை வேண்டிக்கொண்டு ஆரம்பிக்கிறேன். இங்கே நாங்கள் நலம் என்று எழுதக் கை வரவில்லை.

போனில் சொல்லாமல் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் நைனா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அவர் தூங்கும் நேரம் பார்த்துக் கூப்பிட்டால், மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய். இன்று கூரியரில் போட்டால் நாளைக்கு உனக்குக் கிடைத்துவிடும் என்றார்கள். வேலைக்கு நடுவில் பிரித்தாலும் கடைசி வரை படி.

மழை விட்டு விட்டுப் பெய்கிறது. நம் பாத்திரக் கடையை எதிர்க்கடை ஜெயராமன் திறந்து வைத்துப் பார்த்துக்கொள்கிறார். அவருக்குத் தோள்பட்டை நன்றாகிவிட்டது. பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஆஸ்பத்திரியில் வலிக்குக் கரண்ட் வைக்கிற அனு என்ற பெண்ணிடம் பத்து நாள் போய்வந்தார். இப்போது பரண்மேல் இருக்கும் அண்டாவை அவரே இறக்குகிறார். கரண்ட் வைப்பதே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. நீ விற்கிற பொருளைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே என்பதற்காக இதை முதலில் எழுதினேன்.

ஆவணியில் நீ விற்கிற அந்தக் கரண்ட் மெஷினைக் கொண்டுவந்து உன் நைனா காலில் பட்டை ஒட்டிக் காட்டினாய். சர்க்கரையால் ராத்திரியில் கால் எரிகிறது, குடைகிறது என்று அவர் பட்ட பாட்டுக்கு ஒரு வழி பிறந்ததே என்று நான் அன்றைக்கே விளக்கேற்றினேன். எறும்பு ஊர்கிற மாதிரி தெரியும் வரை மெஷினில் கரண்ட் எண்ணை ஏற்றும்மா, தெரிந்ததும் நிறுத்து என்று சொல்லிவிட்டுப் போனாய். நானும் அப்படியே செய்தேன். என் வழக்கப்படி நோட்டில் தேதி, எண், எத்தனை நிமிடம், அவர் சொன்னது என்று நான்கு கோடு போட்டு எழுதினேன். முதல் வாரம் எண் எட்டு, ஒன்றும் தெரியவில்லை என்றார். பிறகு பதினொன்று, அப்போதும் இல்லை. பதினாலில் லேசாக வருது என்றார். அன்று நீயும் போனில் முகம் தெரிய உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாய். கை தட்டினாய். அதற்குப் பிறகு நாளுக்கு நாள் நன்றாக வருகிறது என்றுதான் சொன்னார். கடைசியில் இருபத்திரண்டு.

என் பங்கையும் மறைக்காமல் எழுதுகிறேன். பட்டையில் பிசின் காய்ந்து ஓரம் தூக்கிக்கொண்டது. புதுப் பட்டை அனுப்புகிறேன் என்றாய், வரவில்லை. ஒரு நாளும் விடக்கூடாது என்று நான் தண்ணீர் தொட்டுப் பழைய வேட்டித் துணியால் கட்டி வைத்தேன். அது என் தப்பு. அதற்கும் முந்தின தப்பு ஒன்று உண்டு. ஆடி மாதத்தில் ஒரு நாள், ஒரு காலில் செருப்பும் ஒரு கால் வெறுங்காலுமாகக் கடையிலிருந்து வந்து நின்றார். வழியில் செருப்பு கழன்றது அவருக்குத் தெரியவில்லை. ஞாபகமறதி என்று நான் சிரித்தேன். கால் மரத்துப்போயிருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை.

தீபாவளி முடிந்த மூன்றாம் நாள் அவர் காலைக் கழுவித் துடைக்கும்போதுதான் பார்த்தேன். பாதத்தின் வெளிப்பக்கம், சுண்டுவிரலுக்கு மேலே, ஐந்து ரூபாய்க் காசு அகலத்துக்குத் தோல் வெந்து கறுத்திருந்தது. நான் விரல் வைத்து அழுத்தினேன். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

அதே ஆஸ்பத்திரிக்குத்தான் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் சுரண்டிக் கட்டுப் போட்டுவிட்டு, அனுவிடம் அனுப்பினார். அந்தப் பெண் இவரைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, ஊசி முனையால் பாதத்தைத் தொட்டுத் தொட்டு, குத்துகிறதா என்று கேட்டாள். குத்துது என்றார். அடுத்ததற்கும் குத்துது. பிறகு அவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, இப்போது என்று கேட்டாள். உன் நைனா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, நல்லா குத்துது என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். கரண்ட் தப்பில்லம்மா, உணர்ச்சி இருக்குதான்னு பாக்காம வெச்சதுதான் தப்பு, யார் வெக்கச் சொன்னாங்க என்று கேட்டாள். உன் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. கடையில் வாங்கினோம் என்றேன்.

வீட்டுக்கு வந்து, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். கட்டுப் போட்ட காலை வேட்டியால் மூடிக்கொண்டார். பிறகு சொன்னார்: "பையன் போன்ல பாத்துகினு இருக்கான். நீ நோட்டும் பேனாவுமா எதுர்ல ஒக்காந்துகினு இருக்க. ஒண்ணும் தெரியலன்னு எத்தினி நாளிக்கித்தான் சொல்றது? புள்ள மொகம் சுருங்கிப் போவுதில்ல."

அந்த நோட்டைத்தான் நீ நடுவில் ஒருமுறை வந்தபோது போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினாய். எங்கம்மா கைப்பட எழுதியது என்று மேலே போட்டாயாம். புரட்டாசி சனிக்கிழமை சிங்கவரம் போகிற வேன் கணக்கைப் பன்னிரண்டு வருடமாக நான் எழுதுகிறேன். ஞானம்பாள் எழுதினால் தப்பிருக்காது என்று கடைத்தெருவில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சை வைத்துப் பதினொரு வீட்டில் மெஷினை இறக்கிவிட்டாய். எந்த வீட்டிலாவது முதலில் காலைத் தொட்டுப் பார்த்தாயா?

இதைச் சொல்லத்தான் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த அன்றைக்கு உன்னைக் கூப்பிட்டேன். நைனாவுக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டாய், இல்லை என்று சொல்ல மாட்டேன். அடுத்த வார்த்தை என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? "நோட்ல புண்ணப் பத்தி எழுதின அந்த ரெண்டு பக்கத்த மட்டும் கிழிச்சுடும்மா. யாருகிட்டயும் பேசாத." அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான் அணைக்காமல் நின்றேன்.

நான் கிழிக்கவில்லை. பேசாமலும் இருக்கவில்லை. பதினொரு பேரில் சர்க்கரை இருப்பது அவலூர்பேட்டை அம்மாக்கண்ணுவின் வீட்டுக்காரர் பச்சமுத்துவுக்கு என்று எனக்குத் தெரியும். போன வெள்ளிக்கிழமை பஸ் ஏறிப் போனேன். நான் போனபோது அவருக்குப் பட்டை ஒட்டியிருந்தது. மெஷினில் எண்ணைப் பார்த்தேன், பத்தொன்பது. வேண்டாம், நிறுத்து என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நோட்ல நல்லா வருதுன்னு எழுதினவ நீதான. இப்ப இன்னா மாத்திப் பேசுற? உம் வாயவிட உன் எழுத்து மேலதாங்க்கா எங்களுக்கு நம்பிக்க. எம் புருசன் காலு நல்லாவுறதுல உனக்கு இன்னா நோவுது?" என்று கேட்டாள். உன் வீட்டுக்காரர் பொய் சொல்கிறார், என் வீட்டுக்காரரும் சொன்னார் என்று எப்படிச் சொல்வது? சொல்லிப் பார்த்தேன். பச்சமுத்து கட்டிலில் இருந்தபடியே, எனக்கு நல்லாத்தான் தெரியுது என்றார். அவள் எனக்கு மோர் கொடுத்தாள். குடிக்காமல் வந்துவிட்டேன்.

அதனால்தான் உன்னை வரச் சொல்கிறேன். விற்றவன் வந்து வைக்காதே என்றால்தான் அவள் கழற்றுவாள். பத்தொன்பது இந்த வாரத்துக்குள் இருபத்திரண்டு ஆகும். அந்தக் கணக்கு எனக்குத் தெரியும். லீவு இல்லை, பெரிய ஆர்டர் இருக்கிறது என்று சொல்லாதே. புதன்கிழமை காலையிலேயே வா. நேராக வீட்டுக்கு வராதே. முதலில் அவலூர்பேட்டை போ. பிறகு மற்ற பத்து வீட்டுக்கும் நான் உன்கூட வருகிறேன். நீ சொல்லும்போது நான் பக்கத்தில் நிற்கிறேன். யாராவது திட்டினால் இரண்டு பேருமாக வாங்கிக்கொள்வோம்.

வியாழக்கிழமை உன் நைனாவைப் பாண்டிக்குக் கூட்டிப்போகச் சொல்லியிருக்கிறார்கள். கறுப்பு எலும்பு வரைக்கும் போயிருந்தால் சுண்டுவிரலையும் பக்கத்து விரலையும் எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். கையெழுத்துப் போட மகன் வருவானா என்று கேட்டார். வருவான் என்று சொல்லியிருக்கிறேன்.

இளவேனிலிடம் இதைப் படிக்கக் கொடு. உண்டாகியிருக்கிற பெண்ணுக்கு எதற்கு என்று மறைக்காதே. நம் வீட்டில் மனம் நோகுமே என்று மறைத்தது போதும்.

எழுதிக்கொண்டிருக்கும்போது, யாருக்கு எழுதுகிறாய் என்று உன் நைனா கட்டிலிலிருந்து கேட்டார். தருணுக்கு என்றேன். கால் பரவாயில்லை, கொஞ்சமும் வலி இல்லை என்று எழுது, இல்லையென்றால் பிள்ளை பயந்துவிடுவான் என்றார். அவர் சொன்னபடியே எழுதிவிட்டேன். கால் பரவாயில்லை என்பது பொய். கொஞ்சமும் வலி இல்லை என்பது நிஜம், தருண். அதை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை.

பெருமாள் உன்னைப் புதன்கிழமை பஸ்ஸில் ஏற்றிவிடட்டும்.

உன் அம்மா
பூ. ஞானம்பாள்