சமையலறைச் சுவர்

ஞாயிற்றுக்கிழமை, காலை

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. ‘அன்புள்ள’ என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. இப்போதைக்குத் தம்பி என்பது மட்டும் இருக்கட்டும். இங்கே நானும் அம்மாவும் நலம். நீ நலமாகத்தான் இருப்பாய், நேற்றுதான் பார்த்தேனே.

போனிலேயே பேசியிருக்கலாம். பேசினால் நீ நடுவில் புகுந்து, “அக்கா, அது சினிமாக்கா, உனக்குப் புரியாது” என்பாய். நான் கத்துவேன். அம்மா பக்கத்து அறையிலிருந்து என்னடி சத்தம் என்று கேட்பாள். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. அதனால் உட்கார்ந்து முழுக்கப் படி.

நேற்று நீ கூப்பிட்ட சிறப்புக் காட்சியில் படம் முடிந்து விளக்கு போட்டதும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நானும் தட்டினேன். உன் கலை இயக்குநர் தேடிக்கொண்டு வந்து, “நீங்க போட்டுக் குடுத்த பிளான் இல்லேன்னா இந்தப் படமே இல்லக்கா, அந்த வீடுதான் கதையே சொல்லுது” என்றார். செட்டை இன்னும் பிரிக்கவில்லை, மாதக் கடைசி வரைக்கும் அப்படியே நிற்கும், வந்து பாருங்கள் என்றும் கூப்பிட்டார். கடைசியில் ஓடிய பெயர்களில் ‘வீட்டு வரைபடம்: இயக்குநரின் அக்கா’ என்று வேறு போட்டிருக்கிறாய். எல்லோரிடமும் பல்லைக் காட்டிவிட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். வழியெல்லாம் உன்னைத்தான் திட்டினேன். இன்னும் நிறுத்தவில்லை.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். சமையலறைச் சுவரை ஏன் எடுத்தாய்?

நான் வரைந்து கொடுத்த வீட்டில் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே ஒன்பது அங்குலச் சுவர் இருக்கிறது. கூடத்திலிருந்து அங்கே போக வேண்டுமானால் நடையில் எட்டடி நடந்து இடது பக்கம் திரும்ப வேண்டும். அடுப்பின் முன்னால் நின்றால் ஜன்னல் வழியாகத் தண்ணீர்த் தொட்டி தெரியும், துணி காயும் கொடி தெரியும். கூடம் தெரியாது. யாராவது வந்தால் அம்மா கரண்டியோடு நடை வரைக்கும் வந்து எட்டிப் பார்ப்பாளே, அது ஏன் என்று நினைக்கிறாய்? நீ அந்தச் சுவரில் ஆறடிக்கு ஒரு திறப்பு வைத்திருக்கிறாய்.

அந்தத் திறப்பு என்ன செய்தது என்று உனக்குத் தெரியாமல் இல்லை. படத்தில் அப்பா, பையனின் கையைப் பிடித்து பீரோவுக்குள் வைத்துக் கதவைச் சாத்துகிறார். கேமரா எங்கேயும் வெட்டாமல் அப்படியே நகர்ந்து, திறப்பு வழியாகப் போய், அடுப்படியில் நிற்கிற அம்மாவின் முகத்தில் நிற்கிறது. அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பார்த்துவிட்டுத் திரும்பி அடுப்பைக் குறைக்கிறாள். ஒரு வார்த்தை வசனம் இல்லை. எனக்குப் பின்னால் இருந்த பெண், “இவள்லாம் ஒரு அம்மாவா” என்றாள். யாரைச் சொன்னாள் தெரியுமா? காலையில் எனக்கு முன்னால் எழுந்து, என் டிபன் டப்பாவைத் துடைத்து வைக்கிற நம் அம்மாவை.

கதைக்காக மாற்றினேன் என்று மழுப்பாதே. நீ என்ன வேண்டுமானாலும் மாற்றிக்கொள். அப்பாவுக்கு மீசை வைத்தாய், நான் ஒன்றும் சொல்லவில்லை. வாசலில் ஒரு காரை நிறுத்தினாய், நமக்கு சைக்கிளே கடைசி வரைக்கும் ஒன்றுதான், அதையும் விட்டுவிட்டேன். கூடத்து மூலையில் ஆளுயரத்துக்குப் புத்தக அலமாரி. நம் வீட்டில் எப்போதடா புத்தக அலமாரி இருந்தது? பெரிய படிப்பாளிக் குடும்பம் என்று நாலு பேர் நினைக்கவா? இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போய்விடுவேன். சுவர் அப்படி இல்லை.

இருபத்தெட்டு வருஷமாகக் கட்டட வரைபடம் வரைகிறவள் நான். போன மாதம் ஒருவர் ஆபீசுக்கு வந்து, சமையலறைக் கதவை இரண்டடி தள்ளிப் போடச் சொன்னார். எதற்கு என்றேன். மருமகள் யாரோடு பேசுகிறாள் என்று அவர் மனைவிக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிய வேண்டுமாம். இரண்டடியில் ஒரு பெண்ணின் நிம்மதி போய்விடும் என்று தெரிந்தேதான் கேட்டார். தூண் இடிக்கிறது, முடியாது என்று பொய் சொல்லி அனுப்பினேன். வீட்டில் யார் யாரைப் பார்க்க முடியும், யாரிடமிருந்து யார் ஒளிய முடியும் என்பதை நாங்கள்தான் பென்சிலால் முடிவு செய்கிறோம். நீயும் அதைத்தான் செய்கிறாய். பேட்டியில் என்ன சொன்னாய், சுவரை எடுத்துவிட்டால் உண்மை தெரியும் என்றா? சுவரை எடுத்தால் அடுத்த அறை தெரியும், தம்பி. அவ்வளவுதான்.

உண்மை என்ன என்று நான் சொல்கிறேன். அப்பாவின் கேமராவை நீ கேட்காமல் எடுத்துப் பின்பக்கத்தைத் திறந்ததில், பிலிம் ரோல் முழுவதும் வெளிச்சம் பட்டு வீணாகப் போயிற்று. உனக்கு ஒன்பது வயது. அம்மா அடுப்படியில் இருந்தாள், குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. உன் சத்தம் கேட்டு அவள் ஓடி வந்தபோது அப்பா, “பீரோ கதவுல மாட்டிக்கிட்டான்” என்றார். நீயும் ஆமாம் என்றாய். அவள் நம்பினாள். இன்று வரைக்கும் நம்புகிறாள். மறுநாள் பழைய துண்டைக் கிழித்து, இனிமேல் பிள்ளைகள் கை மாட்டக்கூடாது என்று பீரோ கதவின் ஓரம் முழுக்க ஊசி நூலால் தைத்துச் சுற்றினாளே, மறந்துவிட்டதா? கண்ணால் பார்த்தவள் கதவுக்குத் துணி சுற்றுவாளா? அந்தத் துணி உன் படத்தில் இல்லை. அதை நீ வைத்திருந்தால் உன் திறப்பு பொய் என்று எல்லோருக்கும் தெரிந்துபோயிருக்கும்.

இன்னும் மூன்று வாரத்தில் படம் வெளிவருகிறது. முதல் வரிசையில் அம்மாவுக்கு இடம் போட்டிருக்கிறாயாம், வண்டி அனுப்புவாயாம். அவள் உன் படத்தைப் பார்ப்பதற்காகவே கண் டாக்டரிடம் போய்ப் புதுக் கண்ணாடி வாங்கி வந்திருக்கிறாள். உறையைக்கூடப் பிரிக்க மாட்டேன் என்கிறாள், “சின்னவன் படத்துக்குத்தான் போடணும்” என்கிறாள். எழுபத்தாறு வயதில், அத்தனை பேர் நடுவில் உட்கார்ந்து, தன் புருஷன் வேண்டுமென்றே செய்தார் என்பதையும், தான் அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்ததாகப் பிள்ளை இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறான் என்பதையும் ஒரே நிமிஷத்தில் அவள் தெரிந்துகொள்ள வேண்டுமா? அப்பா போய் ஏழு வருஷம் ஆகிறது. அவரிடம் கேட்க வேண்டியதைக் கேட்கத் துப்பில்லாமல் இவள் தலையில் போட்டாய்.

அந்தச் சுவரை மூடு. முடியாது என்றால் என் பெயரை எடு. நான் வரைந்தது வேறு வீடு. அதற்கு என்னிடம் அத்தாட்சி இருக்கிறது. உனக்குக் கொடுத்த வரைபடத்தின் நகல் ஆபீசில் இருக்கிறது, நாளை எடுத்து இதோடு வைத்து அனுப்புகிறேன். உன் கலை இயக்குநருக்கும் காட்டு, கண்ணைத் திறந்து பார்க்கட்டும்.

திங்கட்கிழமை, ஆபீசில், மதியம்

நேற்று எழுதியதைக் கிழித்துப் போடலாமா என்று யோசித்தேன். வேண்டாம், அதுவும் வரட்டும்.

சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் வெளியே போனதும் வரைபடச் சுருளைத் தேடி எடுத்து என் மேசையில் விரித்து, நாலு மூலையிலும் கனம் வைத்தேன். உன்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற அவசரம். சுவர் சரியாக இருந்தது. ஒன்பது அங்குலம், எங்கேயும் திறப்பு இல்லை. சிவப்பு பென்சிலால் அதைச் சுற்றி வட்டம் போட்டேன். பிறகு கூடத்து மூலையைப் பார்த்தேன்.

அங்கே புத்தக அலமாரி இருக்கிறது. நான் வரைந்தது. என் கையெழுத்தில் ‘அலமாரி’ என்று எழுதியிருக்கிறது.

அந்த மூலையில் இருந்தது மாடிப்படி. பதினாறு படி. ஏழாவதில் திரும்பும். திரும்புகிற இடத்தில் கைப்பிடிச் சுவர் இடுப்பளவுதான், நின்றால் கூடம் முழுவதும் தெரியும். இருபத்தெட்டு வருஷத்தில் நான் எந்த வீட்டிலும் படியை விட்டதில்லை. புதிதாகச் சேருகிற பிள்ளைகள் விட்டால் மாடிக்குப் பறந்தா போவார்கள் என்று எல்லோர் முன்னாலும் கேட்டு மானத்தை வாங்குவேன். நம் வீட்டுக்குப் படி போடவில்லை. வேண்டுமென்று விட்டேன் என்றும் சொல்ல முடியவில்லை, மறந்துவிட்டேன் என்றும் சொல்ல முடியவில்லை. அலமாரியை அளவெடுத்து, நாலு தட்டு போட்டு, அவ்வளவு அழகாக வரைந்திருக்கிறேன்.

அன்றைக்கு நான் ஏழாவது படியில் நின்றேன். உனக்குத் தெரியும். பதிமூன்று வயது, கையில் ஜியோமெட்ரி பாக்ஸ். அப்பா உன் மணிக்கட்டைப் பிடித்ததிலிருந்து பார்த்தேன். கதவை ஒரு தடவை சாத்தியபோது நீ நிமிர்ந்து பார்த்தாய், நான் கூப்பிடுவேன் என்று. அம்மா என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும், அவள் இருந்தது எட்டடி தூரத்தில். நான் திரும்பி மேலே போய்விட்டேன். இரண்டாவது தடவை சாத்திய சத்தம் எனக்கு மாடியில் கேட்டது. பயம். வேறு ஒரு காரணமும் இல்லை. அதற்கப்புறம் அம்மா துணி தைத்தபோது ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தது நான்தான்.

உன் மேல் கோபம் போகவில்லை, நினைத்துக்கொள்ளாதே. இன்னும் அதிகமாகத்தான் ஆகியிருக்கிறது. நான் வரைபடத்தைக் கொடுத்த அன்று நீ அதை ரொம்ப நேரம் பார்த்தாய். பிறகு, “அக்கா, அவ்வளவுதானா” என்று மட்டும் கேட்டாய். அவ்வளவுதான் என்றேன். மடித்துப் பையில் வைத்துக்கொண்டாய். ஏன் கேட்காமல் விட்டாய்? படி எங்கேடி என்று சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்க வேண்டாமா? யாரோ ஒருவர் பார்த்தார்கள் என்பது உன் கதைக்கு வேண்டும். நான் நிற்க இடம் இல்லாமல் செய்துவிட்டேன். நீ சுவரை உடைத்து அம்மாவைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டாய். என்னைக் காப்பாற்றினாயா, பழிவாங்கினாயா என்று எனக்குப் புரியவில்லை. இரண்டில் எதுவாக இருந்தாலும் அம்மா எதற்கு நடுவில்?

இதோடு புது வரைபடம் வைத்திருக்கிறேன், இப்போதுதான் போட்டேன், மை சரியாகக் காயவில்லை. படியின் அகலம் மூன்றடி, உயரம் ஏழரை அங்குலம், திருப்பத்தில் ஒரு சின்னத் தட்டு. பலகையில் செய்தால் உன் தச்சர்களுக்கு இரண்டு நாள் வேலை. செட் நிற்கிறது, எனக்குத் தெரியும், சாக்குச் சொல்லாதே. சமையலறைச் சுவரை மூடச் சொல். அம்மா அடுப்படியிலேயே இருக்கட்டும், குழாயில் தண்ணீர் ஓடட்டும். ஏழாவது படியில் ஒரு பெண்ணை நிறுத்து. ரெட்டைச் சடை, கையில் பாக்ஸ். அவள் முகத்தைப் பக்கத்தில் காட்டு, வெட்டாதே. பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் இவளெல்லாம் ஒரு அக்காவா என்று கேட்டால் கேட்கட்டும். அந்தப் படத்தில் என் பெயர் இருக்கட்டும்.

அம்மாவிடம் இன்று சாயங்காலம் நானே சொல்லப்போகிறேன், அப்பா செய்ததையும் நான் நின்றதையும். அவள் என்ன சொல்வாள் என்று தெரியாது. என்ன சொன்னாலும் தியேட்டரில் தெரிந்துகொள்வதைவிட வீட்டில், என் வாயால் தெரிந்துகொள்ளட்டும். அதற்கப்புறமும் வருவேன் என்றால் கண்ணாடியோடு கூட்டி வருகிறேன்.

குளிர் நாளில் அந்தச் சுண்டுவிரல் இன்னும் வலிக்கிறதா? முப்பத்தைந்து வருஷத்தில் ஒரு தடவைகூட நான் உன்னைக் கேட்டதில்லை. வெந்நீரில் வைத்துக்கொள். வேளாவேளைக்குச் சாப்பிடு. நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

இந்தத் தடவை நிமிர்ந்து பார், தம்பி. நான் மேலே போகமாட்டேன்.

அன்புள்ள
அக்கா