அழ வைக்கும் வழி

மார்ச் 7, வெள்ளி

டெல்லி ஜனக்புரியில் இன்று என் மகள் மீனுவுக்கு ஒரு விளம்பரப் பட ஆடிஷன். அழ வேண்டிய காட்சி; நான்கு வயதுக் குழந்தைக்கு அழுகை வரவில்லை. உதவி இயக்குநர் என்னைக் கதவுக்குப் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டு, "மம்மி உன்னை விட்டுட்டுப் போயிட்டாங்க" என்று இந்தியில் அவளிடம் சொன்னார்.

ஏழு வயதில் நான் நடித்த படத்தில் என்னிடமும் இதையேதான் சொன்னார்கள். அந்த அழுகைக்குத்தான் விருது கிடைத்தது. அம்மா அப்போது கேமராவுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

மீனு வீறிட்டாள். ஓடிப்போனேன். ஆனால் தூக்குவதற்கு முன் என் கை அவள் மோவாயைப் பிடித்து முகத்தை விளக்குப் பக்கம் திருப்பியது.

"சூப்பர் மேடம்! பழைய ஸ்டார்னா சும்மாவா!" என்றார் அவர். அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

ஆட்டோவில், "அம்மா, நீ நிஜமாவே போயிட்டியா?" என்றாள்.

"இல்லடி செல்லம். கதவுக்குப் பின்னாலதான் இருந்தேன்."

"அப்போ ஏன் ஜல்தி வரலை?"

அம்மாவிடம் இதை நான் ஒருநாளும் கேட்டதில்லை.

மீனுவைத் தேர்வு செய்துவிட்டதாக மாலையில் செய்தி வந்தது. வேண்டாம் என்று எழுதிவிட்டேன். இனி யார் கூப்பிட்டாலும் அதே பதில்தான்.

என் துப்பட்டாவைப் பிடித்தபடி தூங்குகிறாள். விளக்கை அணைக்க எழுந்தால் பிடி விட்டுப்போகும். எரியட்டும்.